பேட்டரி இல்லாமல் ஸ்டார்ட் ஆன வண்டி

— நேத்து சாயங்காலம் பேட்டரியே இல்லாம என் வண்டி ஸ்டார்ட் ஆச்சு முதலாளி. சும்மா ஸ்டார்ட் ஆச்சுன்னு நினைக்காதீங்க. தெருவுல காயப்போட்ட துணியெல்லாம் கொடியிலயே எழுந்து நின்னுச்சு. எதிர்வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடி மூக்குல இருந்து இறங்கி நடந்து போச்சு.

— அப்போ பேட்டரிக் கடைக்கு எதுக்கு வந்தீங்க பெரியவரே?

— பாத்தியா மச்சான், வந்து நின்ன உடனே எங்க பிடிக்கணுமோ அங்க பிடிச்சிட்டாரு. கடைன்னா இப்படி இருக்கணும்.

— நீங்க இவர் சொல்றதக் காதுல வாங்காதீங்க சார். எங்க அக்கா வீட்டுக்காரர். வேன் ஓட்டிட்டு இருந்து ரிடையர் ஆயிட்டாரு. வேனும் ரிடையர் ஆகி ஷெட்டுல கிடக்கு. வாய் மட்டும்தான் இன்னும் சர்வீஸ்ல இருக்கு.

— என்ன சொல்றான் இவன்?

— ஒண்ணும் சொல்லல மாமா. விடுங்க.

— இடது பக்கம் நின்னு பேசாதேன்னு எத்தன தடவ சொல்றது. முதலாளி, இது எஞ்சின் பக்கத்துக் காது. எங்க வேன்ல எஞ்சின் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுலதான் இருக்கும். வாழ்நாள் பூரா அது பேசுனதக் கேட்டுக் கேட்டு, இனிமே வேற யார் பேச்சும் கேக்க மாட்டேன்னு இந்தக் காது முடிவு பண்ணிருச்சு. எதுவா இருந்தாலும் வலது பக்கம் வந்து சொல்லுங்க.

— சரி, வலது பக்கமே வந்துட்டேன். பழைய பேட்டரி கொண்டு வந்தீங்களா?

— இதோ. துணியில சுத்தி, பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த அம்மா குழந்தைன்னு நினைச்சு எழுந்து இடம் விட்டாங்க.

— இதையா. பொறுங்க, வெறுங்கையால தொடாதீங்க. பக்கவாட்டுல ஊதிப் போயிருக்கு. மூடி ஒண்ணக் காணோம். உள்ள ஆசிட்டும் இல்ல, தண்ணியும் இல்ல. எறும்பு குடித்தனம் நடத்துது.

— அப்போ இத்தன நாளா அதுகதான் வேனத் தள்ளியிருக்கு.

— மீட்டர் வச்சுப் பாக்கலாம்னு பாத்தா, மீட்டருக்கே வெக்கமா இருக்கும். வண்டி கடைசியா எப்ப ஓடுச்சு?

— என் வீட்டுக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்னிக்கு. பாத்திரம் விளக்கிட்டு இருந்தவ அப்படியே சரிஞ்சுட்டா. ஒரு பக்கம் கையும் காலும் போச்சு, பேச்சும் போச்சு. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வந்துட்டே இருக்குன்னான். நான் காத்திருக்கல. தூக்கி என் பக்கத்து சீட்டுல வச்சு ஒரே மிதி. வழியில இருந்த சிக்னலெல்லாம் என்னப் பாத்து பயந்து தானாவே பச்சைக்கு மாறுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி போயி நின்னதுக்கு அப்புறம், ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வண்டியோட நிழல் மூச்சு வாங்கிட்டு வந்து சேந்துச்சு.

— போய்ச் சேந்ததே லேட்டுன்னுதான் டாக்டர் சொன்னாரு மாமா.

— அது டாக்டர் வாட்ச்சோட கோளாறு.

— அதுக்கப்புறம் வண்டிய எடுக்கவே இல்லையா?

— எடுத்தேனே. நேத்து எடுத்தேன். அதத்தானே வந்ததும் சொன்னேன்.

— சரி, அது கிடக்கட்டும். பெட்ரோல் வண்டிக்கு பேட்டரி பாக்குறது வேற, டீசல் வண்டிக்குப் பாக்குறது வேற பெரியவரே. பெட்ரோல் வண்டி ஒரு பொறி காட்டினா பத்திக்கும். டீசலுக்குப் பொறியே கிடையாது. காத்த அமுக்கி அமுக்கிச் சூடேத்தித்தான் பத்த வைக்கணும். அந்த அமுக்கத்த எதிர்த்து எஞ்சினச் சுத்தணும்னா செல்ஃப் மோட்டாருக்கு முதல் தள்ளு பலமா வேணும். அதுக்கும் முன்னாடி எஞ்சினச் சூடாக்குற ஹீட்டர் கொஞ்சம் கரண்ட்டக் குடிச்சிரும். அதனால நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?

— ஒரு அடி கூட ஓட்ட மாட்டேன்.

— ஓட்டாத வண்டிக்கு எதுக்கு பேட்டரி?

— ஸ்டார்ட் பண்றதுக்கு.

— ஸ்டார்ட் பண்ணி?

— கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்திருவேன்.

— நிறுத்தி?

— மறுநாள் மறுபடியும் ஸ்டார்ட் பண்ணுவேன்.

— சார், நீங்களாவது கொஞ்சம் விளக்கமா சொல்லக் கூடாதா?

— நான் என்னத்தச் சொல்ல. அவரே சொல்லட்டும். நீங்க நிதானமா கேளுங்க, எல்லா பேட்டரியும் எடுத்துக் காட்டுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.

— கேளுங்க முதலாளி. நாங்க ஸ்கூல் வேன் வச்சிருந்தோம். ஓட்டுனது நான், நடத்துனது அவ. பிள்ளைங்க எல்லாம் ஏறி, அவ தலைய எண்ணி முடிச்சு, டாஷ்போர்டுல ஒரு தட்டு தட்டி 'போலாம்'னு சொன்னாத்தான் என் கால் கிளட்ச்ச விட்டு வரும். வேற யார் சொன்னாலும் வராது. ஒரு நாள் பின்னாடி தீயணைப்பு வண்டி வந்து நின்னு மணி அடிச்சான் அடிச்சான், நான் அசையல. பாத்துப் பாத்து அலுத்துப் போயி நெருப்பு தானாவே அணைஞ்சிருச்சு.

— பொய்யும் ஒரு அளவோட இருக்கணும் மாமா.

— பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது. முதலாளி, அந்த வேன்ல தினமும் கடைசியா ஏறுறவன் யாருன்னு கேளுங்க. இதோ பல்லக் கடிச்சுட்டு நிக்கிறானே, இவன்தான். ஒரு கையில ஷூ, ஒரு கையில பை, வாயில டை. வேன் மொத்தமும் இவனச் சபிச்சுக்கிட்டுக் காத்துக் கிடக்கும். அக்கா வளத்த பிள்ளை. அக்காவே வேன்ல இருக்கா, நம்மள விட்டுட்டா போயிருவான்னு ஆடி அசைஞ்சு வருவான்.

— அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு. அவர் பேட்டரி பத்திக் கேக்குறாரு.

— பேட்டரி பத்தித்தான் சொல்லிட்டு இருக்கேன். நேத்து சாயங்காலம் அவள சக்கர நாற்காலியோட தள்ளிக்கிட்டுப் போயி, ஷெட்டுல வேன்ல அவ சீட்டுலயே உக்கார வச்சேன். நான் இந்தப் பக்கம் ஏறி சாவியத் திருப்பினேன். வந்துச்சு பாருங்க சத்தம். அவ வாயத் திறந்துட்டா. அரை மணி நேரம் மூச்சு விடாம என்னத் திட்டினா. இத்தன மாசமா சேத்து வச்சிருந்த திட்டு மொத்தமும், வட்டியோட.

— பேட்டரி இல்லாம எப்படிங்க சத்தம் வரும்?

— வாயால சார்.

— என்னது?

— ஸ்டீயரிங்கப் பிடிச்சு உக்காந்துக்கிட்டு இவரே வாயால சத்தம் போட்டாரு. அதுதான் இவர் வண்டி ஸ்டார்ட் ஆன லட்சணம்.

— ஆமா, வாயாலதான். அதுல என்ன குறை கண்டீங்க. இருங்க, போட்டுக் காட்டுறேன். ட்ர்ர்... ட்ர்ர்... ட்ர்ர்ர்ர்... டக டக டக டக் டக டக டக டக்...

— மாமா, கடை வாசல்ல எல்லாரும் பாக்குறாங்க.

— பொறுங்க சார், அவர நிறுத்தாதீங்க. பெரியவரே, நடுவுல ஒரு டக் தனியா விழுதே. வால்வத் தட்டுற டாப்பெட் லூசா?

— பாத்தியாடா, தொழில் தெரிஞ்ச காது. ரெண்டாவது டாப்பெட் முதலாளி. மெக்கானிக் எத்தனையோ தடவ சரி பண்ணித் தரேன்னான், நான் விடல. அந்த டக் இல்லேன்னா நம்ம வண்டிதான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? தெருமுனை திரும்புறப்பவே அத வச்சுத்தானே அடுப்புல டீத் தண்ணி வைப்பா.

— நல்லாத்தான் ஓட்டுறீங்க. வாய்லயே இவ்வளவு ஓடுறப்ப பேட்டரிக்கு என்ன அவசியம்?

— மூச்சு பத்தல. மேட்டுல ஏறுறதுக்குள்ள நெஞ்ச அடைச்சுக்குது. ஆனா யோசிச்சுப் பாருங்க. வாய்ச் சத்தத்துக்கே பேசுனவ, நிஜ எஞ்சின் ஓடி, சீட்டு அதிர்ந்து, அந்த டீசல் வாடையும் வந்துச்சுன்னா என்ன ஆவா? எழுந்து நின்னு ரோட்டுல போறவங்க தலையெல்லாம் எண்ணுவா.

— அவ பேசல சார்.

— பேசினா.

— பேசல. சார், நான் சொல்றதக் கேளுங்க. டாக்டர் ஸ்கேனத் தூக்கி வெளிச்சத்துல காட்டி, பேசுற இடம் இதுதான், இது போயிருச்சு, திரும்பாதுன்னு விரல வச்சுச் சொன்னாரு. மாசக்கணக்கா தினமும் ஆபீஸ் விட்டதும் போயி அவ பக்கத்துல உக்காந்து, 'அக்கா, நான்தான் வந்திருக்கேன்'னு சொல்றேன். சுவத்தப் பாக்குறா. கையப் பிடிச்சா கைய இழுத்துக்குறா. அம்மா போனதுக்கு அப்புறம் நான் வளந்ததே அவ கையில. என்னையே தெரியல அவளுக்கு. இவர் டர்ருபுர்ருன்னா பேசிருவாளாமா?

— உனக்கு டாப்பெட் சத்தம் போடத் தெரியாது. அதான் உன்கிட்ட பேசல.

— விளையாட்டு இல்ல மாமா. போன வாரம் இப்படித்தான் அவள வேன்ல ஏத்துறேன்னு தூக்கி ரெண்டு பேரும் சேந்து விழுந்தீங்க. அவ தோள்ல இன்னும் கன்னிப் போயிருக்கு. உங்களால ஒரு வாளித் தண்ணி தூக்க முடியல.

— விழல. இறங்குனோம். கொஞ்சம் வேகமா இறங்கிட்டோம்.

— வீட்டு ஓனர் வேற காலி பண்ணச் சொல்லிட்டாரு சார். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். மூணாவது மாடி. அங்க வேன எங்க கொண்டுபோயி நிறுத்துவாரு, பால்கனியிலயா?

— ஏன், பால்கனியில நிறுத்தினா காத்தாவது வரும்.

— சரி சரி, ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. நான் ஒண்ணு சொல்றேன். பெரியவரே, நீங்க கேக்குறது ரொம்பக் கஷ்டமான கேள்வி. வண்டி பேட்டரிக்கு வேலையே ஒரு தள்ளு தள்ளிட்டு ஒதுங்கிக்கிறதுதான். குடுத்தத டைனமோ ஓட ஓடத் திருப்பி நிரப்பும். நீங்க நின்ன இடத்துலயே கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினா, எடுத்தது முழுசாத் திரும்பி வராது. தினமும் எடுத்துக்கிட்டே இருப்பீங்க. எந்த நல்ல பேட்டரியா இருந்தாலும் கொஞ்ச நாள்ல படுத்துரும்.

— அப்போ இந்த இன்வெர்ட்டர் பேட்டரி? கரண்ட்டு போனா ராத்திரி பூரா ஃபேன் சுத்துதே. பாக்கவே யானைக்குட்டி மாதிரி இருக்கு. அதக் குடுங்க.

— அது வேற, இது வேற. அது மெதுவா ரொம்ப தூரம் நடக்குற ஆளு. ஒரே மூச்சுல குதின்னா கால் ஒடிஞ்சிரும். உங்க வண்டிக்குக் குதிக்கிற ஆளு வேணும். அதுல டீசல் எஞ்சினச் சுத்தினீங்கன்னா ஒரு முனகல்தான் வரும்.

— முனகலுக்கு வீட்டுல நானே இருக்கேன். இந்த சின்னது?

— பெட்ரோல் காருக்கு உள்ளது. அத மாட்டினா எலிய விட்டு அலமாரிய நகத்தச் சொன்ன மாதிரி.

— அந்தப் பெருசு?

— லாரிக்கு உள்ளது. உங்க வேன் சீட்டுக்கு அடியில இருக்கிற ட்ரேயில உக்காராது. ட்ரேய வெட்டி உக்கார வச்சாலும் வயரு எட்டாது. ப்ளஸ் இருக்கிற பக்கம் மாறிருக்கு பாருங்க.

— செகண்ட் ஹேண்டுல ஏதாவது?

— உங்களுக்கு நான் அதக் குடுக்க மாட்டேன். அது எப்ப கைவிடும்னு அதுக்கே தெரியாது.

— கேட்டீங்களா மாமா. எதுவும் சரிப்படாது. வண்டி நின்ன நிலையில டேங்க்ல இருக்கிற டீசலே பிசின் மாதிரி ஆயிருக்கும். பம்ப் இறுகியிருக்கும். அப்படியே ஓடினாலும் மூடின ஷெட்டுல அந்தப் புகையில அக்காவ உக்கார வைக்க முடியுமா?

— கதவத் திறந்து வச்சுக்கிட்டா போச்சு.

— சார், எனக்கு ஒண்ணு புரியல. கடைக்கு வர்றவங்கள்ல வேண்டாம்னு சொல்றவங்க, கூட வந்தவர் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாங்க. நீங்க வந்ததுல இருந்து வேண்டாம் வேண்டாம்னும் சொல்றீங்க, ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து இன்னும் காட்டுங்க இன்னும் காட்டுங்கன்னும் சொல்றீங்க.

— அவர் ஆசைப்படுறாரு. பாக்கட்டுமேன்னுதான்.

— நல்ல பையன் முதலாளி அவன். நாக்கு மட்டும் கொஞ்சம் துருப்பிடிச்சது. நேத்து வரைக்கும் பேட்டரி பேச்ச எடுத்தாலே எரிஞ்சு விழுந்தவன், இன்னிக்கு காலையில அவனா வந்து வாங்க மாமா, நல்ல கடை ஒண்ணு இருக்கு, போயிட்டு வரலாம்னு கூப்பிட்டான். ஊர் கடந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம். எங்க தெருமுனையிலயே பேட்டரிக் கடை இருக்கு, ஆனா அது நல்லா இருக்காதாம்.

— அப்படியா சார்?

— அவன்கிட்ட சரக்கு பழசு.

— சரி. பெரியவரே, இங்க பாருங்க. இது அளவு சரியா இருக்கும். ப்ளஸ் உங்களுக்கு வேண்டிய பக்கமே இருக்கு. டீசலுக்கு வேண்டிய தள்ளு இருக்கு. தண்ணி ஊத்துற வகை, அதனால உள்ள என்ன நடக்குதுன்னு மூடியத் திறந்து நீங்களே பாத்துக்கலாம். தேதியும் புதுசு, கடைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. இதோட ஒரு சின்ன சார்ஜர் வாங்கிக்கோங்க. வண்டி நிக்கிற நேரம் பூரா வீட்டுக் கரண்ட்டுல மாட்டியே வச்சிருங்க. டைனமோ குடுக்காதத அது குடுத்துட்டே இருக்கும். முதல்ல பழைய டீசல இறக்கிட்டுப் புதுசா ஊத்தி, டீசல் குழாய்ல அடைச்சிருக்கிற காத்த எடுத்துட்டு, அப்புறம் சாவியத் திருப்புங்க. பம்ப் இறுகாம இருந்தா ஓடும். ஓடும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஓடலாம்.

— ஓடலாம். கேட்டியா மச்சான், ஓடலாமாம். இத்தன மாசத்துல எந்த டாக்டரும் எனக்கு இந்த வார்த்தையச் சொல்லல. கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா முதலாளி? ஆத்தா, என்ன கனம். நல்லா சாப்பிட்டு வளந்த பிள்ளை.

— ஒரு நிமிஷம், ஃபோன் வருது. ஹலோ... ம், நான்தான். ஏத்தியாச்சா?... என்னது, எதுக்கு வெட்டினீங்க? முழுசாத்தானே எடுக்கிறதா சொன்னீங்க... சந்துக்குள்ள லாரி திரும்பலையா... ரெண்டாவா... சரி, வெட்டினது வெட்டியாச்சு, விடுங்க. அக்கா பின்ரூம்லதானே இருக்காங்க? அவங்களப் பாத்துக்க வச்சிருக்கிற அம்மாகிட்ட கதவச் சாத்தியே வைக்கச் சொல்லுங்க. நீங்க கிளம்புங்க, அவர் வர்றதுக்கு இன்னும் நேரமாகும்.

— யாருடா ஃபோன்ல? இடது பக்கம் நின்னு பேசுறியே, ஒண்ணும் விழல.

— ஆபீஸ்ல இருந்து மாமா.

— சரி சரி. முதலாளி, இத பஸ்ல முன் சீட்டுல வச்சுக் கொண்டு போலாமா, படுக்க வைக்கக் கூடாதுல்ல?

— பெரியவரே, முதல்ல நீங்க பின்னாடி போயி கையக் கழுவிட்டு வாங்க. பழைய பேட்டரி தொட்ட கை, கண்ணுல பட்டுச்சுன்னா எரியும். குழாய் பக்கத்துல சோப்பு இருக்கு. நல்லா தேச்சுக் கழுவுங்க, மெதுவா வாங்க.

— இதோ வந்துட்டேன். என் பேட்டரிய யாருக்கும் வித்துராதீங்க.

— சார். எனக்கு ரெண்டு காதும் கேக்கும்.

— தெரியுது.

— அவர இங்க கூட்டிட்டு வந்தது பேட்டரி வாங்க இல்ல. வீட்டுல இல்லாம பாத்துக்க.

— வேற எப்படிங்க எடுக்கிறது? அவர் கண்ணு முன்னாடி நிறுத்தி வச்சு வெட்டச் சொல்றீங்களா?

— இவ்வளவு நேரம் என்ன வச்சு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்ட வச்சீங்களே. நான் ஓடலாம்னு வேற சொல்லித் தொலைச்சேன்.

— நீங்க அந்த மாதிரி சொல்வீங்கன்னு நான் எதிர்பாக்கல. ஆகாதுன்னு சொல்லி அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன். சார், ஞாயித்துக்கிழமைக்குள்ள ஷெட்ட ஒழிச்சுக் குடுக்கணும். அது போக, இன்னொரு தடவ அவள வேன்ல ஏத்துறேன்னு தூக்கிக் கீழ போட்டாருன்னா அப்புறம் தூக்கி உக்கார வைக்க அவ இருக்க மாட்டா. இவர் தினமும் ஒரு ஆசையக் கிளப்புவாரு. இன்னிக்கு விரல் அசைஞ்சுதும்பாரு. இன்னிக்கு சிரிச்சாம்பாரு. நானும் ஓடி ஓடிப் போயிப் பாப்பேன். சுவத்தப் பாத்துட்டு இருப்பா. நம்புறதுக்கு எனக்கு இனிமே தெம்பு இல்ல சார்.

— நேத்து நிஜமாவே அந்த அம்மா பேசலையா?

— பேசியிருந்தா நான் லாரிய வரச் சொல்வேனா?

— என்கிட்ட கேக்காதீங்க. நான் பேட்டரி விக்கிறவன். இத உள்ள எடுத்து வைக்கிறேன். இல்லாத வண்டிக்கு என்னால பேட்டரி விக்க முடியாது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

— நானே சொல்றேன்.

— கழுவியாச்சு. இந்த சோப்புல நுரை வர்றதுக்குள்ள எனக்கு இன்னும் வயசாகிப் போச்சு. எங்க முதலாளி, என் பேட்டரிய எங்க? இங்கதானே வச்சேன்?

— மாமா.

— அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் வந்து சொல்லு.

— வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க மாமா.

— யாரு?

— பழைய இரும்பு எடுக்கிறவங்க. நான்தான் வரச் சொன்னேன்.

— ஓட்டிக்கிட்டா போனாங்க?

— இல்ல மாமா. சந்துல லாரி திரும்பல. கேஸ் கட்டர் வச்சு ரெண்டா வெட்டி ஏத்திட்டாங்க.

— எந்த இடத்துல வெட்டினாங்க?

— தெரியல. எதுக்குக் கேக்குறீங்க?

— அவ சீட்டு எந்தப் பாதியில போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்.

— பெரியவரே, இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க.

— பரவால்ல முதலாளி. நல்லதாப் போச்சுன்னு வைங்க. இவ்வளவு நேரம் அளவு சரியில்ல, வயரு எட்டாது, தள்ளு பத்தாதுன்னு எத்தன குழப்பம். இப்ப உங்க கடையில கண்ண மூடிக்கிட்டு எதத் தொட்டாலும் என் வண்டிக்கு அது சரியா இருக்கும்.

— திட்டிருங்க மாமா. இப்படிப் பேசாதீங்க.

— எதுக்குத் திட்டணும். தினமும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சவன் நீ. அவ துணிய அலசிப் போட்டவன் நீ. உன் இடத்துல நான் இருந்தா வண்டியோட சேத்து இந்த டிரைவரையும் ஏத்தி அனுப்பியிருப்பேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. இனிமே நீ எதச் சொன்னாலும் வெட்டின வண்டி ஒண்ணா ஒட்டி வந்து நிக்கப் போறதில்ல. அதனால பயப்படாம சொல்லு. நேத்து அவ பேசினாளா?

— அதான் நீங்களே ஊருக்கெல்லாம் சொல்றீங்களே மாமா, அரை மணி நேரம் திட்டினான்னு.

— அரை மணி நேரமெல்லாம் இல்லடா. நான் பாட்டுக்கு டகடகன்னு வாயால ஓட்டிக்கிட்டு இருந்தேன். அவ இடது பக்கம் உக்காந்திருந்தா. என் சத்தம் ஒரு பக்கம், இந்தச் செத்த காது ஒரு பக்கம். திரும்பிப் பாத்தப்ப உதடு அசைஞ்சு ஓய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். பேசினாளா, கொட்டாவி விட்டாளான்னு எனக்கே தெரியாது. தெரியாததாலதான் காலையில இருந்து எதிர்ல வர்றவங்ககிட்ட எல்லாம் அரை மணி நேரம்னு சொல்லிட்டு இருக்கேன். சொல்லிச் சொல்லியாவது நான் நம்பிருவேன்னு பாத்தேன். முடியல.

— விடுங்க மாமா. வீட்டுக்குப் போலாம்.

— ஷெட்டுக் கதவுக்கு அடியில உன் கால் தெரிஞ்சுது மச்சான்.

— மாமா...

— ரொம்ப நேரம் தெரிஞ்சுது. உனக்கு நல்ல காது. எனக்கு ஒரு ஆள் சொன்னா போதும். இல்லேன்னா இல்லேன்னே சொல்லு, நான் வாய மூடிக்கிறேன். இனிமே வண்டியும் ஓட்டல, கதையும் ஓட்டல.

— சார், இன்னும் எவ்வளவு நேரம் அவர அப்படிப் பாக்க வச்சுட்டு நிப்பீங்க?

— கொஞ்சம் தள்ளி உக்காருங்க மாமா. இந்தப் பக்கம் வரேன்.

— வா. இந்தக் காதுல சொல்லு.

— நேத்து நடந்தது நிஜம் மாமா. அக்கா பேசினா. டாஷ்போர்டத் தட்டுறதுக்குக் கையத் தூக்கப் பாத்தா, முடியல. ஒரே ஒரு தடவதான் பேசினா. நான் கதவத் திறந்து உள்ள வந்திருக்கணும், நம்பப் பயந்து வெளியிலயே நின்னுட்டேன். 'நிறுத்துங்க, தம்பி இன்னும் ஏறல'ன்னு சொன்னா மாமா.